ஆல்ட் லாங் சைன்: ஒரு நடன மெட்டின் பாடாந்தரங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவில் உலகத்தில் பாதிப் பேர் பாடும் மெட்டு ‘ஆல்ட் லாங் சைன்’. பல பாட்டுப் புத்தகங்களில் இதற்கு மேலே ஸ்காட்லாந்துக் கவிஞர் ‘ராபர்ட் பர்ன்ஸ்’ பெயர் ஒன்றுதான் இருக்கும். சொற்களுக்கு அது பெருமளவு பொருந்தும். மெட்டுக்குப் பொருந்தாது. பர்ன்ஸ் 1796 ஜூலையில் இறந்தார். அந்தச் சொற்கள் இன்றைய மெட்டோடு சேர்ந்து அச்சில் வந்தது 1799-ல். அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அந்த மெட்டு ஸ்காட்லாந்தில் வேறு வேறு பெயர்களில், ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்களின் கையில், நடனக் கூடங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அச்சில் கிடைக்கும் பாடாந்தரங்களை, அதாவது ஒரே மெட்டின் மாறுபட்ட வடிவங்களை, வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று கேள்விகளுக்கு விடை தேடலாம். மெட்டு யாருடையது? ஒரு துள்ளல் நடன மெட்டு எப்படிக் கண்ணீர் வரவழைக்கும் பிரிவுப் பாட்டானது? சொற்களையும் மெட்டையும் சேர்த்து வைத்தது யார்? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல மற்ற இரண்டையும் கடந்தாக வேண்டும்.

முதலில் மெட்டின் எலும்புக்கூடு

நம் ஸ்வரங்களிலேயே எழுதிப் பார்க்கலாம். முதல் ப மந்திர ஸ்தாயி:

ப | ஸா ஸ ஸ க | ரீ ஸ ரி க | ஸா ஸ க ப | தா

இது முற்பாதி. பிற்பாதி இப்படிப் போகும். கடைசியில் வரும் த, ப மீண்டும் மந்திர ஸ்தாயி:

த | பா க க ஸ | ரீ ஸ ரி க | ஸா த த ப | ஸா

ஸ ரி க ப த, இந்த ஐந்துதான். மத்யமமும் நிஷாதமும் கிடையாது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே மோகனம் என்று தோன்றும், ஸ்வரக் கணக்கில் அது சரி. மோகனத்தின் கமகங்களோ பிடிகளோ இதில் இல்லை, ஆகவே ராகம் என்று சொல்லமாட்டேன். ஐந்து ஸ்வர மெட்டுகள் ஸ்காட்லாந்தில் ஏராளம்.

சில அச்சுப் பதிப்புகளில் இரண்டாவது ஸ இருக்கும் இடத்தில் நி வரும்: ‘ஸா நி ஸ க’. பியானோ வாசித்து வளர்ந்தவர்கள் பலர் இப்படித்தான் பாடுவார்கள். பாடினால் இதமாக இருக்கும், ஆனால் ஐந்து ஸ்வர உடம்பில் ஆறாவதாக ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அந்த நி வரவேற்பறைப் பியானோவின் மணம் உடையது என்பது என் கருத்து. நடன மெட்டின் குணம் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வில்லால் அடிப்பது. ‘ஸா ஸ ஸ’ என்று வரும்போதுதான் அந்த அடி கேட்கிறது.

இந்த மெட்டு ஃபிடிலில் எவ்வளவு லகுவாக உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்காட்டிஷ் ஃபிடிலுக்கு நான்கு தந்திகள்: ஜி, டி, ஏ, இ. ஸ-வை ஜி-யில் வைத்தால் மெட்டின் ஐந்து ஸ்வரங்கள் ஜி, ஏ, பி, டி, இ ஆகும். நான்கு திறந்த தந்திகளும் மெட்டின் ஸ்வரங்களே. தொடக்கத்து மந்திர ப திறந்த டி தந்தி. ரி திறந்த ஏ தந்தி. உச்சத்துத் த திறந்த இ தந்தி. எந்தத் தந்தி தவறித் தொட்டாலும் ஒலி மெட்டுக்கு ஒவ்வாமல் போகாது. நெரிசலான கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், சத்தமாக வாசித்தாக வேண்டிய ஆளுக்கு இது பெரிய வரம். திறந்த தந்திகள் முழங்கும், பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுத்து இரட்டை ஒலி கொடுக்கலாம்.

அதே மெட்டை ஹைலாண்ட் பைப்பில் (ஸ்காட்லாந்தின் பைக்குழல் வாத்தியம்) வாசிக்கப் போனால் சிக்கல் வரும். பைப்பின் குழலில் கீழ் ஜி முதல் மேல் ஏ வரை ஒன்பது ஸ்வரங்கள். மெட்டின் வீச்சும் மந்திர ப-விலிருந்து த வரை, அதாவது ஒன்பது படிகளே. அளவு பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் ப-வைக் கீழ் ஜி-யில் வைத்தால் ஸ விழும் இடம் சி. பைப்பின் வழக்கமான சி ஸ்வரம் சற்று உயர்ந்தது, அது ஸ-வாக உதவாது. ஸ-வை டி-யில் வைத்தால் உச்சத்துத் த-வுக்குக் குழலில் இடமில்லை. எங்காவது ஒரு ஸ்வரத்தை மாற்றியோ சிறப்பு விரலமைப்பு வைத்தோதான் பைப்பில் வாசிக்க முடியும். இன்றைய வடிவத்தை வைத்துச் சொன்னால் இது ஃபிடில்காரர்கள் கையில் உருண்டு திரண்ட மெட்டு என்பதற்கு எந்தத் தலைப்பையும்விட இந்த உடல் சாட்சியத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

மில்லர் வீட்டுக் கல்யாணம்

ராபர்ட் பிரெம்னர் எடின்பரோவில் இசை அச்சிட்டு விற்றவர். 1750-களின் இறுதியில் அவர் ரீல், நாட்டு நடன மெட்டுகளைத் தவணை தவணையாக வெளியிட்டார். அதில் ‘தி மில்லர்ஸ் வெட்டிங்’ என்று ஒரு மெட்டு, 1759 வாக்கில் வந்தது. நம் மெட்டின் குடும்பத்தில் அச்சேறிய மூத்த உறுப்பினராகப் பெரும்பாலோர் காட்டுவது இதைத்தான். அப்படியே இன்றைய மெட்டு அல்ல. உறவு தெரிகிறது, முழு முகமும் ஒத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பம் பெருகுகிறது. ‘தி மில்லர்ஸ் டாட்டர்’, ‘ரோஜர்ஸ் ஃபேர்வெல்’, ‘தி லாஸஸ் ஆஃப் தி ஃபெர்ரி’ என்று ஊருக்கு ஒரு பெயர். வாய்ப்பாட்டாக ‘ஐ ஃபீட் எ லாட் அட் மைக்கேல்மஸ்’ என்றும் உண்டு. மைக்கேல்மஸ் பருவத்தில் ஒரு ஆளைப் பண்ணை வேலைக்கு அமர்த்தினேன் என்று தொடங்கும் கேலிப் பாட்டு அது. பாடம் ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு கூடும், ஒரு முடிவு மாறும். ஃபிடில்காரர் ஒரு மெட்டைக் கேட்டுப் பிடிக்கிறார், தன் கைக்கு வசதியாகத் திருப்புகிறார், இரண்டாம் பகுதி மறந்துபோனால் தானே ஒன்று கட்டிக்கொள்கிறார். அச்சிட வந்தவர் அந்த ஊரில் அந்த வருஷம் கேட்டதை எழுதிக்கொள்கிறார். இந்த மாதிரிக் குடும்பத்தில் ‘மூலப் பாடம் எது’ என்று ஒன்றைச் சுட்டுவது கடினம், நானும் சுட்டப்போவதில்லை. எது எதற்கு முந்தியது என்பதை மட்டும் அச்சு சொல்லும்.

லண்டன் மேடையும் ஒரு உரிமைக் கோரலும்

1782 டிசம்பர் 31 அன்று லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் ‘ரொஸீனா’ என்ற ஆப்பரா அரங்கேறியது. எழுதியவர் பிரான்சஸ் புரூக், இசை வில்லியம் ஷீல்டு. அதன் முன்னிசையின் முடிவில் நம் மெட்டு வருகிறது, இன்று நாம் உடனே அடையாளம் காணும் அளவுக்கு நெருக்கமாக. கீழே பஸூன் என்ற ஊதுவாத்தியங்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேலே மெட்டு நடக்கும். பைப் இசையைப் போலக் காட்டுவதே நோக்கம். லண்டன் ரசிகனுக்கு ‘இது கிராமத்துக் கதை’ என்று உணர்த்த அந்தக் காலத்தில் அது எளிய வழி. உண்மையான பைப்பில் சரியாக உட்காராத மெட்டு பைப் வேஷம் போட்டு மேடையேறியது.

இதை வைத்துத்தான் பின்னால் சில ஆங்கில எழுத்தாளர்கள் மெட்டு ஷீல்டின் சொந்தப் படைப்பு என்றார்கள். ஷீல்டு வடகிழக்கு இங்கிலாந்துக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டு மெட்டுகள் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. ஊர் மெட்டுகளை எடுத்துக் கோத்து ஆப்பரா கட்டுவது அன்றைய லண்டன் மேடையில் இயல்பான வழக்கம், அதை யாரும் திருட்டாகப் பார்க்கவில்லை. ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டு வகை பிறந்த பகுதியான கிராண்டவுனைச் சேர்ந்த ஆங்கஸ் கம்மிங் 1780-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார். அதிலுள்ள ஒரு ஸ்ட்ராத்ஸ்பேயின் மூன்றாம், நான்காம் பகுதிகளிலிருந்து ஷீல்டு ஏறக்குறைய ஸ்வரத்துக்கு ஸ்வரம் எடுத்திருக்கிறார் என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஸ்காட்டிஷ் பாட்டு ஆய்வாளர் வில்லியம் ஸ்டென்ஹவுஸ் எழுதிவிட்டார். எடின்பரோவின் ஜான் கிளென் 1900-ல் வெளியிட்ட தன் நூலில் பழைய அச்சுகளைத் தேதிவாரியாக வைத்து ஸ்காட்டிஷ் மெட்டுகளுக்கு எதிரான இத்தகைய உரிமைக் கோரல்களைச் சோதித்தார்.

ஷீல்டின் கோரல் இங்கே விழுந்துவிடுகிறது. 1759-க்கும் 1780-க்கும் அச்சிட்ட சாட்சி இருக்கும்போது 1782-ஐப் பிறப்புத் தேதியாக்க முடியாது. ஆனாலும் ஷீல்டின் பங்கைக் குறைத்துப் பேசுவது எனக்கு ஒப்பில்லை. நடனப் பகுதிகள் நான்கிலிருந்து நல்ல இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, கேட்க நிற்கும் ஒரு மெட்டாக்கிக் காட்டியவர் அவர். அதுவரை இந்த மெட்டுக்கு யாரும் உட்கார்ந்து காது கொடுத்ததில்லை, எழுந்து ஆடத்தான் செய்தார்கள்.

நீல் கௌவின் பாடம்

இரண்டு ஆண்டு கழித்து, 1784-ல், ஸ்காட்டிஷ் ஃபிடில் கலைஞர் நீல் கௌ தன் முதல் தொகுப்பை வெளியிட்டார். அதில் இதே மெட்டு ‘சர் அலெக்சாண்டர் டான்’ என்ற பெயரில் இருக்கிறது. கெல்சோ ஊருக்கு அருகே நியூட்டன் டான் எஸ்டேட்டுக்காரரான ஒரு பிரபுவின் பெயர். பழைய மெட்டுக்குப் புரவலர் பெயரைச் சூட்டுவது கௌ குடும்பத்தின் பழக்கம். அதற்காக அவர்கள் வாழ்நாளிலேயே பழி கேட்டார்கள். மில்லரின் கல்யாணத்தை ஒரு கனவானின் ஸ்ட்ராத்ஸ்பே ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நீல் கௌ (1727–1807) டன்கெல்டுக்கு அருகே இன்வர் கிராமத்துக்காரர், அத்தோல் டியூக்கின் ஆதரவில் இருந்தவர். ஹென்றி ரேபர்ன் வரைந்த ஓவியத்தில் கட்டம் போட்ட கால்சட்டையோடு ஃபிடில் பிடித்து உட்கார்ந்திருப்பார். அவருடைய மேல்நோக்கிய வில்லின் வேகத்தைப் பற்றி அந்தக் காலத்தவர் எல்லோரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். பொதுவாக வில்லைக் கீழே இழுக்கும்போது பலம் அதிகம், மேலே தள்ளும்போது குறையும். அவரோ மேலே தள்ளும்போதும் அதே பலத்தைக் கொடுத்தாராம். ஸ்ட்ராத்ஸ்பேக்கு இது உயிர்நாடி. தம்பி டொனால்டு பக்கத்தில் செல்லோவில் பேஸ் (கீழ்ஸ்தாயித் துணை) வாசிப்பார்.

ஸ்ட்ராத்ஸ்பே என்பது நான்கு அடித் தாளம். ஒவ்வொரு அடியும் சமமாகப் பிளக்காது. ஒன்று நீளம்–குறுக்கமாகப் பிளக்கும்: ‘தாஆ-த’. இல்லையென்றால் குறுக்கம்–நீளமாகத் தலைகீழாகப் பிளக்கும்: ‘த-தாஆ’. இந்த இரண்டாவதுதான் ‘ஸ்காட்ச் ஸ்னாப்’. வெடுக்கென்று ஒரு கடி. வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமல் நிறுத்தி, ஒரு குறுக்கத்தைக் கடித்துவிட்டு, நீளத்தில் விழ வேண்டும். நடனக்காரர் கால் தரையைத் தொடுவதும் மிதப்பதும் இந்தக் கடியின்மேல்தான் நிற்கிறது.

இப்போது மேலே எழுதிய ஸ்வரங்களை எடுத்து ‘ஸா-ஸ ஸா-க ரீ-ஸ ரீ-க’ என்று வேகமாகத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், இடையிடையே ஒரு அடியைத் தலைகீழாகத் திருப்பி. சொல்லும்போதே கால் ஆடும். இன்றைய ஸ்காட்டிஷ் நாட்டு நடனத்தில் 32 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) ஸ்ட்ராத்ஸ்பே ஒன்று முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். பாட்டின் ஒரு சரணத்துக்குரிய மெட்டு அதில் நான்கே பார், எட்டு நொடியில் முடிந்துவிடும். புத்தாண்டு இரவில் கை கோத்து நின்று பாடும்போது அதே சரணத்துக்கு இருபத்தைந்து நொடிபோல ஆகிறது. ஸ்வரங்கள் அதேதான், காலம் மும்மடங்கு நீண்டுவிட்டது.

பர்ன்ஸ் கையிலிருந்த இரண்டு மெட்டுகள்

ஸ்காட்லாந்தின் பாட்டுகளைத் திரட்ட எடின்பரோ செதுக்குக் கலைஞர் ஜேம்ஸ் ஜான்சன் ‘ஸ்காட்ஸ் மியூசிக்கல் மியூசியம்’ என்ற தொகுப்பைத் தொடங்கினார். 1787-க்கும் 1803-க்கும் நடுவே ஆறு தொகுதி, மொத்தம் 600 பாட்டு. பேஸ் எழுதியவர் ஆர்கன் வாசிப்பாளர் ஸ்டீபன் கிளார்க். பர்ன்ஸ் இதற்குக் கூலி எதுவும் வாங்காமல் உழைத்தார். நடன மெட்டுகளை மெதுவாக்கிச் சொல் வைத்துப் பாட்டாக்குவது அவருக்குக் கைவந்த கலை. வில்லியம் மார்ஷலின் ‘மிஸ் அட்மிரல் கார்டன்ஸ் ஸ்ட்ராத்ஸ்பே’தான் ‘ஆஃப் அ தி ஏர்ட்ஸ்’ என்ற அவருடைய காதல் பாட்டாக மாறியது. 1787 ஆகஸ்டில் டன்கெல்டில் நீல் கௌவையே நேரில் போய்க் கேட்டிருக்கிறார்.

‘ஆல்ட் லாங் சைன்’ சொற்களை அவர் 1788 டிசம்பரில் பிரான்சஸ் டன்லப் என்ற தோழிக்கு அனுப்பினார். ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன் என்று பின்னால் சொன்னார். முதலடியை ஒத்த பழைய பாட்டுகள் 1711-லேயே அச்சில் இருக்கின்றன, கவிஞர் ஆலன் ராம்சேயும் ஒன்று எழுதியிருக்கிறார். எவ்வளவு பழையது, எவ்வளவு பர்ன்ஸ் என்று பிரிப்பது தனிக் கதை. இங்கே வேண்டியது மெட்டு.

இந்தச் சொற்களுக்கு அப்போதே ஒரு மெட்டு இருந்தது. 1700-ல் லண்டனில் ஹென்றி பிளேஃபோர்டு வயலினுக்கென்று வெளியிட்ட ஸ்காட்டிஷ் மெட்டுத் தொகுப்பில் அது அச்சாகியிருக்கிறது. ஜான்சனின் ஐந்தாம் தொகுதி 1796 டிசம்பரில் வந்தபோது, 413-ஆம் பாட்டாக இந்தச் சொற்கள் அந்தப் பழைய மெட்டில்தான் வந்தன. பர்ன்ஸ் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இங்கேதான் எனக்குப் பிடிபட்ட சங்கதி. அதே மியூசியத்தின் நான்காம் தொகுதியில், 1792-ல், 394-ஆம் எண்ணில் ‘ஓ கேன் யீ லேபர் லீ’ என்ற பாட்டு இருக்கிறது. வேலைக்கு அமர்த்திய ஆளைப் பற்றிய அந்தப் பழைய கேலிப் பாட்டைப் பர்ன்ஸ் திருத்திக் கொடுத்தது. அதன் மெட்டு, இன்று நாம் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டேதான். இதே குடும்பத்து இன்னொரு மெட்டு ‘கமின் த்ரூ தி ரை’, அதுவும் ஐந்தாம் தொகுதியில், 413-க்கு மிக அருகிலேயே வருகிறது.

ஆக, பர்ன்ஸ் கையில் சொற்களும் இருந்தன, இந்த மெட்டும் இருந்தது. பல ஆண்டுகள் இரண்டும் ஒரே மேஜையில் கிடந்தன. அவர் சேர்த்து வைத்ததாக அச்சுச் சான்று காட்டவில்லை. அவருக்கு இந்த மெட்டு ஒரு வேடிக்கைப் பாட்டுக்குரியது, வயலும் சம்பளமும் சரசமும் கலந்த சொற்களுக்குரியது. பிரிந்த நண்பர்களின் நினைவைச் சுமக்கும் மெட்டாக அவர் காது இதைக் கேட்டிருக்குமா? அப்படி எண்ண எனக்கு இடமில்லை.

ஒரு கடிதமும் அதன்மேல் ஏற்றிய பாரமும்

பர்ன்ஸ் சம்மதித்துவிட்டார் என்று சொல்பவர்கள் 1794 நவம்பர் கடிதம் ஒன்றைக் காட்டுவார்கள். பாட்டுத் தொகுப்பு வெளியிட்டுவந்த எடின்பரோ அலுவலர் ஜார்ஜ் தாம்சனுக்கு அவர் எழுதியது. 1793 செப்டம்பரிலேயே தாம்சனுக்குச் சொற்களை அனுப்பி, மெட்டு சுமார் ரகம், சொற்களோ எந்த மெட்டையும் தூக்கி நிறுத்தும் என்று சொல்லியிருந்தார். 1794 கடிதத்தில் இன்னும் கொஞ்சம் விவரம்: கிளார்க்கிடம் நீங்கள் பார்த்த இரண்டு பாட்டுகளும் உங்கள் கவனத்துக்குத் தகுதியானவை அல்ல, ‘ஆல்ட் லாங் சைன்’ சொற்கள் நல்லவை, மெட்டு பழையது, இன்னொரு மெட்டைச் சாதாரண ஸ்காட்டிஷ் நாட்டு நடனமாக நீங்கள் கேட்டிருக்கலாம் என்கிறார்.

இந்த ‘இன்னொரு மெட்டு’தான் நம் ஸ்ட்ராத்ஸ்பே, அதை இந்தச் சொற்களுக்கு அவரே பரிந்துரைக்கிறார் என்று படிப்பது வசதியான வாசிப்பு. கடிதத்தின் முதல் வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால் அது நிற்காது. பேச்சு இரண்டு பாட்டுகளைப் பற்றியது. ஒன்றின் மெட்டு பழையது, இன்னொன்றின் மெட்டு நாட்டு நடனம். அப்படியென்றால் ‘இன்னொரு மெட்டு’ என்பது இரண்டாவது பாட்டின் மெட்டாகவே இருப்பதுதான் இயல்பு. பரிந்துரை தொனியும் அதில் இல்லை, இரண்டையும் விட்டுவிடுங்கள் என்ற தொனிதான். பர்ன்ஸின் ஒப்புதலை இந்தக் கடிதத்தின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை.

தாம்சனின் துணிச்சல்

ஜார்ஜ் தாம்சன் (1757–1851) வேறு மாதிரியான ஆள். நாட்டுப் பாட்டுகள் சீமான்கள் வீட்டுப் பியானோவில் ஏற வேண்டும் என்பது அவர் கனவு. பிளேயல், கோஷெலுக், ஹைடன், பீத்தோவன், வேபர், ஹம்மல் என்று ஐரோப்பாவின் பெரிய ஆட்களுக்கெல்லாம் மெட்டுகளைத் தபாலில் அனுப்பி, முன்னிசை, பின்னிசை, பியானோ–வயலின்–செல்லோ பக்கவாத்தியம் எழுதி வாங்கினார். கவிஞர்களின் சொற்களை மாற்றவும் மெட்டை மாற்றிப் பொருத்தவும் அவர் தயங்கியதில்லை.

1799-ல் அவர் தொகுப்பில் ‘ஆல்ட் லாங் சைன்’ சொற்கள் முதன்முறையாக இந்த மெட்டில் வந்தன. பக்கவாத்தியம் கோஷெலுக் எழுதியது. பின்னால் பீத்தோவனும் தாம்சனுக்காக இதே மெட்டுக்கு மூன்று குரல்களோடு ஓர் அமைப்பு எழுதினார்.

அந்தத் தொகுப்பின் உலகத்தில் ஸ்ட்ராத்ஸ்பேயின் கடிக்கு இடமில்லை. குரல் அந்த வேகத்தில் சொல்லை உச்சரிக்காது, பியானோ அந்த வில்வெட்டைத் தராது. மெட்டை மெதுவாக்கினார்கள். மெதுவாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நீளம்–குறுக்கம் என்ற ஜோடி பிழைத்துக்கொள்கிறது, ‘ஸா… ஸ’ என்ற இழுவையாக மாறி. இன்றைக்கும் பாட்டில் ஒவ்வொரு அடி தொடங்கும்போதும் நாம் இழுக்கிறோமே, அது நடனக் கூடத்திலிருந்து மிஞ்சிய துண்டு. குறுக்கம்–நீளம் என்ற ஸ்னாப் மட்டும் உதிர்ந்துவிட்டது. மெதுவாகப் பாடினால் அது விக்கல்போலத் தோன்றும், ஆகவே பாடகர்கள் அதைத் தட்டையாக்கினார்கள்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வேகத்தில் ஓடியபோது காதில் படாத ஏற்றம் இப்போது படுகிறது. மந்திர ப-விலிருந்து கிளம்பி, ‘ஸா ஸ க ப’ என்று படியேறி, த-வில் போய் நிற்கிறது மெட்டு. ஃபிடிலில் அது ஒரு நொடியில் கடந்துபோகும் திறந்த தந்தி. குரலில் அது நெஞ்சை நிமிர்த்தி எட்ட வேண்டிய உயரம். அங்கே நின்று, பிறகு ‘பா க க ஸ’ என்று மெல்ல இறங்கி, மந்திர த, ப தொட்டு வீடு சேர்கிறது. பிரிவின் ஏக்கம் என்று நாம் உணர்வது இந்த ஏற்றமும் இறக்கமும்தான். மில்லரின் கல்யாணத்திலும் இதே கோடு இருந்தது, ஆடுகிறவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

பழைய மெட்டுக்காக வருந்துபவர்கள் உண்டு. அதைப் பாடிப் பதிவு செய்த நாட்டுப்புறப் பாடகர்களைக் கேட்டால் அவர்கள் வருத்தம் புரியும். இருவர் நெருங்கி உட்கார்ந்து பேசுவதுபோல அது ஒலிக்கிறது, சொற்களுக்கு அதுவே பொருத்தம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நூறு பேர் ஒத்திகையில்லாமல் ஒரே குரலில் பாட அது உதவாது. தாம்சன் தேர்ந்தெடுத்த மெட்டு உதவும். ஐந்தே ஸ்வரம், ஒரே வரி திரும்பத் திரும்ப, பிற்பாதியும் பல்லவியும் ஒரே முடிவு. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறை பாடிவிடுவான். ஆடுகிறவர்கள் இரவெல்லாம் குழம்பாமல் ஆடுவதற்காகக் கட்டிய எளிமை அது.

அதற்கப்புறம் போன இடங்கள்

மெட்டு பயணப்பட்ட கதையை விரித்தால் முடியாது, பாடாந்தரமாக நின்றவற்றை மட்டும் சொல்கிறேன். ஜப்பானில் 1881-ல் பள்ளிப் பாட்டானது. அங்கே கடை மூடும் நேரத்தில் ஒலிப்பது பெரும்பாலும் மூன்று அடி வால்ட்ஸ் வடிவம். 1940-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் காட்சியிலிருந்து ஜப்பானிய இசையமைப்பாளர் யூஜி கோசெக்கி அமைத்தது. நான்கு அடி ஸ்ட்ராத்ஸ்பே மூன்று அடியானபின்னும் அடையாளம் தெரிகிறது என்றால் மெட்டின் உறுதி அப்படி. கொரியாவில் 1948 வரை நாட்டுப் பண்ணை இந்த மெட்டில் பாடினார்கள். மாலத்தீவின் நாட்டுப் பண்ணும் 1972 வரை இந்த மெட்டிலேயே இருந்தது. அதற்குப் புது மெட்டு அமைத்தவர் இலங்கை இசைக் கலைஞர் அமரதேவா. வங்காளத்தில் தாகூர் இதைத் தழுவி எழுதிய ‘புரானோ ஷெய் தினேர் கொதா’ இன்றும் பாடப்படுகிறது.

சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்பில் இளம் அதிகாரிகள் மெதுநடை போட்டுக் கடந்துபோகும்போது பேண்டு வாசிப்பதும் இதுதான். அது பாட்டைவிடவும் மெதுவான பாடம். ஸ்ட்ராத்ஸ்பேயில் மிதக்கும் கால் இங்கே ஒவ்வொரு அடிக்கும் நிதானமாக நீண்டு தரையில் பதிகிறது. காலுக்காகப் பிறந்த மெட்டு சுற்றிப் போய் மறுபடி காலுக்கே வந்திருக்கிறது.

சரி, புத்தகத்தில் பெயர் எப்படிப் போடுவது? ‘சொல்: ராபர்ட் பர்ன்ஸ், பழைய பாட்டைத் தழுவியது. மெட்டு: ஸ்காட்டிஷ் மரபு ஸ்ட்ராத்ஸ்பே, 1759 முதல் அச்சில். சேர்த்தவர்: ஜார்ஜ் தாம்சன், 1799.’ இடம் போதாதென்றால் தாம்சன் பெயரை விட்டுவிடலாம். ‘மெட்டு: ஷீல்டு’ என்று மட்டும் போடக் கூடாது. வயலின் கற்றுக்கொடுப்பவர்கள் பிள்ளைகளுக்கு இதைப் புத்தாண்டுப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தபின், அதே பாடத்தில் கௌவின் ‘சர் அலெக்சாண்டர் டான்’ பாடத்தையும் முழு வேகத்தில் வாசிக்க வைக்க வேண்டும். விரல்கள் ஏற்கெனவே பழகியிருக்கும், வில்லுக்கு மட்டும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.